ஒரு கை போனால் தொழிலும் போக வேண்டுமா?

கேள்வி: நான் அக்கா எழுதுகிறேன். என் தம்பிக்கு வயது 26. ஐடிஐ டர்னர் முடித்துவிட்டு, கோவைப் பக்கம் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்ததாரர் மூலமாக வேலை பார்த்து வந்தான். லேத், பிறகு சிஎன்சி (கணினி இயக்கும் இயந்திரம்). ஆள் குறைவு என்று ஒரு நாள் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் இயந்திரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். வலது கை மணிக்கட்டுக்கு மேலே போய்விட்டது. இப்போது நிர்வாகம் ஒரு தொகையைச் சொல்லி, கணக்கை முடித்துக்கொள்ளச் சொல்கிறது. உறவினர்கள் டீக்கடை வைக்கச் சொல்கிறார்கள், அல்லது "மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் சர்க்கார் வேலை தானாக வரும்" என்கிறார்கள். செயற்கைக் கை பொருத்திய பிறகு வேலை தேடலாம் என்று இருக்கிறோம். அவனுக்கு வேலை உரிமை என்று ஏதாவது உண்டா? மறுவாழ்வுப் பயிற்சி என்பதெல்லாம் பெயருக்குத்தானா?

பதில்:

கணக்கு முடிக்கும் தாளிலிருந்தே தொடங்குகிறேன், அதற்குத்தான் அவசரம். "சொந்தக் காரணங்களுக்காக வேலையை விட்டு விலகுகிறேன், நிர்வாகத்திடமிருந்து எனக்கு வரவேண்டியது எதுவும் இல்லை" என்ற வாசகம் அதில் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். அநேகமாக இருக்கும். அந்தத் தாளில் தம்பி இடது கையால் கையெழுத்தும் போட வேண்டாம், பெருவிரல் ரேகையும் வைக்க வேண்டாம். சொல்லும் தொகை எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் சரி. விருப்ப ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு யார் வந்து வாதாடினாலும் வழக்கின் பாதி பலம் அங்கேயே போய்விடும்.

அடுத்தது ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடு. காப்பீட்டு எண் இருக்கிறதா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. ஒப்பந்ததாரர் ஆள் என்பதால் "எங்கள் தொழிலாளியே இல்லை" என்று தொழிற்சாலை கைகழுவப் பார்க்கும். அது செல்லாது. ஒப்பந்தத் தொழிலாளிக்கான சந்தாவையும் முதலில் கட்ட வேண்டிய பொறுப்பு முதன்மை முதலாளியுடையது, அதாவது அந்தத் தொழிற்சாலையுடையது. வேலையிடத்து விபத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. சேர்ந்த அன்றே விபத்து நடந்தாலும் பலன் உண்டு. விபத்து அறிக்கை கிளை அலுவலகத்துக்குப் போயிருக்கிறதா என்று நேரில் சென்று கேளுங்கள். போகவில்லை என்றால் மருத்துவமனையில் சேர்த்த சீட்டு, சம்பளம் வங்கியில் வரவு வைக்கப்பட்ட பதிவு, கூட வேலை பார்த்தவர்கள் எழுதித் தரும் சாட்சியம் ஆகியவற்றை இணைத்து நீங்களே மனு கொடுங்கள். ஈ.எஸ்.ஐ. வரம்புக்குள் வராத தொழிற்சாலை என்றால் தொழிலாளர் துறையிடம் இழப்பீடு கேட்டு மனு போடும் வழி இருக்கிறது. அதற்குத் தொழிற்சங்கத்தாரையோ ஒரு வழக்கறிஞரையோ துணைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

இனி பலரும் குழம்பும் ஓர் இடம். தம்பியின் கையைப் பற்றி இரண்டு சதவீதங்கள் எழுதப்படும். அரசு மருத்துவமனை மருத்துவக் குழு தரும் சான்றிதழிலும் யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையிலும் இருப்பது உடல் குறைபாட்டின் அளவு. அது 40 சதவீதத்தைத் தொட்டால் இடஒதுக்கீடு முதலிய சலுகைகளுக்குக் கதவு திறக்கும். ஈ.எஸ்.ஐ. மருத்துவ வாரியம் எழுதுவது வேறு: சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்பது. ஒரு கையை இழந்தவருக்கு அட்டவணைப்படி அது 60 சதவீதம். சராசரி ஊதியத்தின் 90 சதவீதத்தில் அந்த 60 சதவீதத்தை, அதாவது ஊதியத்தில் 54 சதவீதத்தை, ஆயுள் முழுக்க மாதாமாதம் தருவார்கள். தம்பி 15,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தால் ஏறக்குறைய 8,100 ரூபாய் வரும். நிர்வாகம் சொல்லும் ஒற்றைத் தொகையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 26 வயதுக்காரருக்கு இது எத்தனை ஆண்டுகள் வரும் என்று யோசித்துப் பாருங்கள். வாரியம் குறைத்துப் போட்டால் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

இந்தத் தொகை, அவர் மறுபடியும் வேலைக்குப் போனால் நின்றுவிடாது. இதைத் தனியாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. "வேலைக்குப் போனால் பென்ஷன் நின்றுவிடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, திடகாத்திரமான இளைஞர்களை வருடக்கணக்கில் வீட்டில் உட்கார வைத்திருக்கும் குடும்பங்கள் கொங்கு வட்டாரத்தில் எத்தனையோ உண்டு.

சரி, வேலை உரிமைக்கு வருகிறேன். 2016இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம்தான் அடிப்படை. தம்பி அரசு ஊழியராகவோ அரசுப் போக்குவரத்துக் கழகத் தொழிலாளியாகவோ இருந்திருந்தால் என் பதில் இரண்டு வரியில் முடிந்திருக்கும். பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவியைக் குறைக்கக் கூடாது. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு வேலை தர வேண்டும். அப்படி ஒரு வேலை இல்லையென்றால், கிடைக்கும் வரையோ ஓய்வு பெறும் வரையோ கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி அதில் வைத்திருக்க வேண்டும் என்று சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. இதற்கு முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே பாதுகாப்பு இருந்தது. பணியில் அடிபட்டுக் காலை இழந்த காவலர் குணால் சிங்கின் வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அவருக்கு ஊன ஓய்வூதியம் கொடுத்து அனுப்பியாயிற்றே என்ற அரசின் வாதம் எடுபடவில்லை.

ஆனால் இந்தப் பிரிவு அரசு நிறுவனங்களை மட்டுமே கட்டுகிறது. தனியார் தொழிற்சாலைக்கு இப்படி நேரடியான கட்டளை இல்லை. சட்டத்தின் மிகப் பெரிய ஓட்டை இது என்பது என் கருத்து. கை, கால் போகும் விபத்துகள் எங்கே நடக்கின்றன? பிரஸ், நெசவு, மர அறுவை, கட்டடம். அங்கே வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் தனியார் தொழிலாளர்கள், அதிலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். பாதுகாப்பு மட்டும் அலுவலக நாற்காலிக்கு.

அதற்காகத் தனியார் நிறுவனத்துக்கு எந்தக் கடமையுமே இல்லை என்று எண்ண வேண்டாம். மூன்றாம் பிரிவின்படி ஊனத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டக் கூடாது. காட்டினால், நியாயமான நோக்கத்துக்கு அது அளவோடு எடுத்த நடவடிக்கைதான் என்று நிறுவனம்தான் நிறுவ வேண்டும். 21ஆம் பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும், அதை மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தனியார் நிறுவனம் என்றால், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணியிடங்கள் எவை, என்ன வசதி செய்து தருவோம், இவற்றைக் கவனிக்கும் தொடர்பு அதிகாரி யார் என்பதையெல்லாம் அதில் சொல்ல வேண்டும். 2017ஆம் ஆண்டு விதிகளில் இரண்டு நல்ல வரிகள் உண்டு. பாகுபாடு பற்றி ஒருவர் எழுதிக் கேட்டால், நிறுவனத் தலைவர் அதைச் சரி செய்ய வேண்டும், அல்லது அது ஏன் பாகுபாடு ஆகாது என்று எழுத்திலேயே விளக்க வேண்டும். வேலையிடத்தில் செய்து தரும் மாற்றங்களுக்கான செலவை அந்தத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது.

ஆகவே வாய்ப்பேச்சை நிறுத்துங்கள். தம்பி பெயரில், போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் போகட்டும். மூன்றே விஷயம்: நான் வேலைக்குத் திரும்பத் தயார், என்னால் செய்யக்கூடிய பணிகள் இவை, உங்கள் சம வாய்ப்புக் கொள்கையின் நகலைத் தாருங்கள். பெரும்பாலான சிறு, நடுத்தரத் தொழிற்சாலைகளில் அப்படி ஒரு கொள்கை இருப்பதே இல்லை. அந்த மூன்றாவது வரியைப் படித்ததும் மனிதவளப் பிரிவு தன் ஆலோசகரைத் தொலைபேசியில் அழைக்கும். பேச்சின் தொனி மாறுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். பதிலே வராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் செய்யலாம். ஆட்களை வரவழைத்து விசாரிப்பதில் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. சட்டத்தை மீறினால் அபராதம் முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறை 50,000 முதல் 5 லட்சம் வரை. பெரிய முதலாளிக்கு முதல் தொகை ஒரு மதிய விருந்துச் செலவு; ஆனாலும் விசாரணைக்கு வந்து நிற்பதை யாரும் விரும்புவதில்லை.

கடிதத்தின் இரண்டாவது விஷயம்தான் எல்லாவற்றிலும் முக்கியம்: "என்னால் செய்யக்கூடிய பணிகள்". "ஏதாவது வேலை கொடுங்கள்" என்று எழுதினால் வாசல் காவல் வேலை கிடைக்கும், அல்லது டீ வாங்கிவரும் வேலை. தம்பி நான்கு வேலைகளைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அதற்கு அவர் செய்துவந்த வேலையை உட்கார்ந்து பிரித்துப் பார்க்க வேண்டும். டர்னர் என்ன செய்கிறார்? வரைபடத்தைப் படிக்கிறார். டாலரன்ஸ், அதாவது அளவில் அனுமதிக்கப்பட்ட வித்தியாசம், எவ்வளவு என்று பார்க்கிறார். டூல் தேர்ந்தெடுக்கிறார். ஜாப்பை, அதாவது கடைய வேண்டிய பாகத்தை, மாட்டுகிறார். ஓட்டுகிறார். அளக்கிறார். தப்பு வந்தால் ஏன் வந்தது என்று கண்டுபிடிக்கிறார். இவற்றில் இரண்டு கைகள் கண்டிப்பாக வேண்டியது கனமான ஜாப்பை மாட்டிக் கழற்றுவதற்கு மட்டும். சிஎன்சி புரோகிராம் எழுதுவதும், ஆஃப்செட் (டூலின் அளவுத் திருத்தம்) கொடுப்பதும் ஒரு கைவிரல்களுக்கு அடங்கும் வேலை.

அளப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். "மைக்ரோமீட்டர் பிடிக்கவே இரண்டு கை வேண்டுமே, தரப் பரிசோதனைக்கு எப்படிப் போடுவது?" என்பது மேற்பார்வையாளர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. கையில் பிடித்து அளந்தால் வேண்டும்தான். மைக்ரோமீட்டரை அதற்கென்றே விற்கும் தாங்கியில் கவ்வ வைத்து, பாகத்தை அதன் வாய்க்கு நேராக ஒரு வி-பிளாக்கில் (V வடிவப் பள்ளம் உள்ள கட்டை) உட்கார வைத்துவிட்டால், இடது கை மைக்ரோமீட்டரின் முனைத் திருகை (ராட்செட்) திருகினால் போதும். ஒரே அளவுள்ள பாகங்கள் நூற்றுக்கணக்கில் வருமானால் அதுவும் வேண்டாம்: டயல் கேஜ் ஸ்டாண்டில் ஒரு முறை பூஜ்யம் வைத்துவிட்டு, பாகத்தை முள்ளின் அடியில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போகலாம். இரண்டு கைகள் உள்ளவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள், அதுதான் வேகம். தாங்கியும் பிளாக்கும் எந்தப் பட்டறைக்கும் கட்டுப்படியாகும் விலைதான்; சில இடங்களில் ஏற்கனவே ஏதோ ஒரு மூலையில் தூசி படிந்து கிடக்கும். சட்டம் சொல்லும் நியாயமான ஏற்பாடு என்பது பல நேரங்களில் இவ்வளவுதான். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் காது கேளாத பெண்கள் தையல் வரிசையில் வேலை பார்க்கிறார்கள் என்றால், இடைவேளை மணிக்கும் தீ எச்சரிக்கைக்கும் ஒரு விளக்கு எரிய வேண்டும். அதற்கு மேல் அங்கே என்ன வேண்டியிருக்கிறது?

நம் ஊரிலேயே இதற்கு மிகப் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் இருந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அறுவைசிகிச்சை மருத்துவராக விரும்பிய இளம் மருத்துவர். மேசைக்குப் பக்கத்தில் மணிக்கணக்கில் நின்றுதானே அறுவைசிகிச்சை செய்ய வேண்டும்? அங்கே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைச் சரி செய்யும் அறுவைசிகிச்சையை டாக்டர் பால் பிராண்ட் வளர்த்துக்கொண்டிருந்தார். கை அறுவைசிகிச்சையை உட்கார்ந்தும் செய்யலாம். சக்கர நாற்காலியில் இருந்தபடியே மேரி வர்கீஸ் அதைக் கற்றுக்கொண்டு செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையத்தைத் தொடங்கி வைத்தார். இன்று அது அவர் பெயரில் இருக்கிறது. அவரைப் பாராட்டுபவர்கள் மனஉறுதியைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அதைவிட, "இந்தத் தொழிலுக்குள் உட்கார்ந்து செய்யும் பகுதி எது?" என்று அங்கே யாரோ சரியாகக் கேட்டார்கள் என்பதுதான் பெரிதாகப் படுகிறது.

இனி பயிற்சி. பெயருக்குத்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி ஆம். மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 1968இல் மும்பையிலும் ஹைதராபாத்திலும் தொழில்சார் மறுவாழ்வு மையங்களைத் தொடங்கியது. சென்னை மையம் கிண்டியில் இருக்கிறது. இப்போது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியத் தொழில் சேவை மையம் என்று பெயர். அதன் நல்ல அம்சம், பயிற்சியில் சேர்ப்பதற்கு முன் மதிப்பீடு செய்வது. என்ன படித்திருக்கிறார், எதில் அனுபவம், இருக்கிற கை எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம் வேலை செய்யும் என்று பட்டறையில் வைத்தே பார்ப்பார்கள். உங்கள் தம்பிக்குப் பயிற்சியைவிட இந்த மதிப்பீட்டு அறிக்கைதான் உடனடியாக உதவும். "இன்ன வேலைக்குத் தகுதியானவர்" என்று ஓர் அரசு மையம் எழுதித் தந்ததைக் கடிதத்தோடு இணைக்கலாம் அல்லவா? ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்து, வேலையிடத்து விபத்தில் 40 சதவீதத்துக்குக் குறையாத இழப்பு ஏற்பட்டு, 45 வயதைத் தாண்டாதவர் என்றால், இந்த மையத்தில் சேரும் காலத்துக்குப் பயிற்சிக் கட்டணம் அல்லது நாளொன்றுக்கு 123 ரூபாய், எது அதிகமோ அதை ஈ.எஸ்.ஐ.யே தரும், போக்குவரத்துச் செலவும் உண்டு. கிளை அலுவலகத்தில் தாமாக இதைச் சொல்ல மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

மீதிப் பாதி எரிச்சலூட்டுவது. மாற்றுத்திறனாளி என்றதும் மெழுகுவத்தி, ஊதுவத்தி, பினாயில், காகிதக் கோப்பை. பார்வையற்றவர் என்றால் நாற்காலிக்குப் பிரம்பு பின்னுதல். கற்பவர் என்ன படித்தார், எங்கே வசிக்கிறார், அங்கே அந்தப் பொருளை வாங்க ஆள் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. பயிற்சி முடிகிறது, சான்றிதழோடு புகைப்படம் எடுக்கிறார்கள், தையல் இயந்திரம் வழங்குகிறார்கள், இயந்திரம் கட்டிலுக்கு அடியில் போகிறது. டர்னருக்கு மெழுகுவத்தி ஊற்றக் கற்றுத் தருவது மறுவாழ்வு ஆகாது.

தொண்ணூறுகளின் எஸ்டிடி பூத்துகள், அதாவது காசு கொடுத்து வெளியூருக்குப் பேசும் தொலைபேசிக் கடைகள், உங்களுக்கு நினைவிருக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை கொடுத்து ஒதுக்கினார்கள். தெருமுனைக்குத் தெருமுனை மஞ்சள் பலகை. உட்கார்ந்த இடத்தில் வருமானம், கௌரவம், ஊரில் ஒரு பெயர். உண்மையிலேயே நல்ல திட்டம். கைபேசி வந்ததும் சில வருடங்களில் அத்தனையும் மூடப்பட்டன. பூத்தில் இருந்தவர்களில் பலரிடம் வேறு எந்தத் தொழிலும் கைவசம் இல்லை, ஏனென்றால் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது ஓர் உரிமம் மட்டுமே, கைத்திறன் கிடையாது. டீக்கடை யோசனையைக் கேட்டதும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

ஆகவே எந்தப் பயிற்சி மையமானாலும், சேர்வதற்கு முன் சென்ற ஆண்டு இதே பயிற்சியை முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். இரண்டு பேருடைய கைபேசி எண்ணையாவது தரச் சொல்லிப் பேசிப் பாருங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பார்க்கலாம். தம்பிக்கு நான் சொல்வது அவருடைய தொழிலை ஒட்டியே அடுத்த படி: கணினியில் வரையும் கேட் (CAD) வரைபடம், சிஎன்சி புரோகிராமிங், தர ஆய்வு. இதற்குத் தனி மையம்கூட வேண்டியதில்லை; எல்லோரும் படிக்கும் இடத்திலேயே படிக்கலாம். இடது கையால் எழுதப் பழகுவதை மட்டும் இன்றே தொடங்கச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு கேள்வி. இதே விபத்து உங்களுக்கு நடந்திருந்தால், உங்கள் தம்பி எனக்கு இப்படி எழுதியிருப்பாரா? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம். வேலை செய்பவர்கள் என்று பதிவானவர்கள் ஆண்களில் 47 சதவீதம், பெண்களில் 23 சதவீதம். ஊனம் இருவருக்கும் ஒன்றுதான். பெண் என்றால் "பாவம், வீட்டிலேயே இருக்கட்டும்" என்ற முடிவு மருத்துவமனையிலிருந்து திரும்பும் காரிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது.

அரசு வேலை தானாக வரும் என்கிற உறவினர்களுக்குக் கொஞ்சம் கணக்குச் சொல்கிறேன். ஒதுக்கீடு குறைந்தது 4 சதவீதம். பார்வைக் குறைபாட்டுக்கு 1, செவிக்கு 1, கை கால் இயக்கக் குறைபாட்டுக்கு 1, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து 1. தம்பி மூன்றாவது பிரிவில் வருவார். அதில் மூளை முடக்குவாதம் உள்ளவர்கள், தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்கள், குள்ளத்தன்மை உள்ளவர்கள், அமில வீச்சுக்கு ஆளானவர்கள், தசைச் சிதைவு நோயாளிகள் அனைவரும் உண்டு. எந்த இடம் யாருக்கு என்று வரிசைப்படுத்தும் மத்திய அரசின் சுழற்சிப் பட்டியலில் நூறு இடத்துக்கு 1, 26, 51, 76 ஆகிய நான்கு எண்கள்தான் மாற்றுத்திறனாளிகளுக்கு. அதாவது நூறு பேரை எடுத்தால் தம்பியைப் போன்றவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஓர் இடம். உரிமைதான், விட்டுவிட வேண்டாம். அதையே நம்பி முப்பத்தைந்து வயது வரை வீட்டில் இருக்கவும் வேண்டாம். வேலை பார்த்துக்கொண்டே தேர்வு எழுதட்டும்.

எழுதும்போது கவனிக்க வேண்டியது அறிவிப்பின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் குறியீடுகள். 2021 ஜனவரியில் மத்திய அரசு 3,566 பதவிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எந்த வகை ஊனமுற்றவர் தகுதியானவர் என்று எழுதியிருக்கிறது. ஓஏ என்றால் ஒரு கை, ஓஎல் என்றால் ஒரு கால், பிஎல் என்றால் இரு கால்கள். பக்கத்திலேயே வேலைக்குத் தேவையான உடல் செயல்கள்: எஸ் உட்காருவது, டபிள்யூ நடப்பது, எம்எஃப் விரல்களால் கையாள்வது. ஓஏ இல்லாத பதவிக்குத் தம்பி விண்ணப்பித்தால், தேர்வில் தேறினாலும் கடைசியில் மருத்துவச் சோதனையில் வெளியே நிற்க வேண்டியிருக்கும். எழுதுகின்ற கை போனவர் என்பதால் உதவியாளர் வைத்து எழுதலாம். ஆனால் 2018 வழிகாட்டு நெறிகளின்படி பார்வையற்றோர், இரு கைகளும் பாதிக்கப்பட்டோர், மூளை முடக்குவாதம் உள்ளோர் ஆகியோருக்குத்தான் கேட்டதும் கிடைத்தது; இப்போதைய விதியைத் தேர்வு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கை இழந்தவர், எழுத இயலவில்லை என்று அரசு மருத்துவமனைத் தலைமை மருத்துவரிடம் தனிச் சான்று வாங்கி வைத்திருக்க வேண்டும். மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரமும் உண்டு.

சொந்தத் தொழில் பற்றிச் சுருக்கமாக. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மாற்றுத்திறனாளி தன் பங்காக 5 சதவீதம் போட்டால் போதும். மானியம் நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவீதம். அவருக்குத் தெரிந்த தொழிலில், உதாரணமாக ஆட்களை வைத்து நடத்தும் சிறு லேத் பட்டறையோ டூல் கூர்தீட்டும் கடையோ என்றால் யோசிக்கலாம், அதுவும் சில வருடம் கழித்து. காபி போடவே தெரியாதவரை டீக்கடையில் உட்கார வைக்காதீர்கள்.

நிர்வாகத்தோடு பேசும்போது கையில் வைத்துக்கொள்ள இன்னும் ஒன்று. தனியாரிடம் 5 சதவீதப் பணியாளர்களாவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி அரசு ஊக்கம் தர வேண்டும் என்று 35ஆம் பிரிவு சொல்கிறது. இது கட்டாயம் அல்ல, ஊக்கம்தான். பொதுவாக 21,000 ரூபாயாக இருக்கும் ஈ.எஸ்.ஐ. சம்பள வரம்பு மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. மாற்றுத்திறனாளியை வேலைக்கு எடுத்தால் முதலாளி கட்ட வேண்டிய ஈ.எஸ்.ஐ., வருங்கால வைப்பு நிதிப் பங்கை மத்திய அரசே ஏற்கும் திட்டமும் 2008 முதல் இருக்கிறது. இதைக் கேள்விப்பட்ட முதலாளிகள் சொற்பம், பயன்படுத்தியவர்கள் அதனினும் சொற்பம். "உற்பத்தி குறையுமே" என்று சொன்னால், ஒரு மாதம் தர ஆய்வுப் பிரிவில் போட்டுப் பாருங்கள், மற்றவர்களுக்கு வைக்கும் அதே இலக்கை வையுங்கள் என்று கேளுங்கள். இலக்கைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். இரக்கத்தில் கொடுத்த வேலை மேலாளர் மாறினால் போய்விடும்.

கடைசியாக, "செயற்கைக் கை பொருத்திய பிறகு வேலை தேடலாம் என்று இருக்கிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். காத்திருக்க வேண்டாம். ஈ.எஸ்.ஐ. மூலம் இலவசமாகக் கிடைக்கும், சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்திலும் பொருத்துகிறார்கள். பார்ப்பதற்குக் கை போலவே இருக்கும் வகை எதையும் பிடிக்காது. தோள்பட்டையிலிருந்து கம்பி இழுத்துத் திறந்து மூடும் கொக்கி வகை அழகாக இராது, ஆனால் பட்டறையில் பாகத்தை அமுக்கிப் பிடிக்க அதுதான் உதவும். கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள ஒன்று, வேலைக்கு ஒன்று என்று இரண்டும் வைத்திருப்பவர்கள் உண்டு. எந்த வகை வேண்டும் என்பது எந்த வேலை என்பதைப் பொறுத்தது. அதனால் பொருத்துபவரிடம் போகும்போது, தம்பி கேட்கப்போகும் அந்த நான்கு வேலைகளின் பட்டியலையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.